அக்காவின் எழுதிங்களும் ஆகாத மாதங்களும்

நான் வேலை பார்த்தது மஸ்கட்டில். ஆனால் அவிநாசிப் பக்கம் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "துபாயில இருக்கறானுங்க" என்றுதான் சொல்வார்கள். கடலைத் தாண்டிவிட்டால் எல்லாம் துபாய்தான். நானும் ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். "மஸ்கட்டுங்க, அது வேற நாடுங்க" என்றால், "செரிங்க, துபாயில அது எந்தப் பக்கமுங்க?" என்பார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

வேலை ஒன்றும் புதிதில்லை. ஊரில் போர்வெல் குழிக்குள் மோட்டார் இறக்குவதும் தூக்குவதுமாக இருந்தவன், அங்கே பேரீச்சந்தோட்டத்துக் கிணறுகளில் அதையே செய்தேன். புது மோட்டார் வந்து பெட்டியைப் பிரித்தால், சில சமயம் உள்ளே தகட்டில் கோயமுத்தூர் என்று அடித்திருக்கும். "நீயும் இங்க வந்து மாட்டிக்கிட்டயா?" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அது வருகிற வழியில் நான் போக முடியவில்லையே என்றுதான் இருக்கும்.

ஊருக்குப் போக வேண்டியிருந்தது. எனக்காக இல்லை, அக்காவுக்காக.

எங்கள் பக்கத்தில் எழுதிங்கள் என்று ஒரு சீர் உண்டு. வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பெண் கல்யாணமாகிப் போய், பிள்ளைகுட்டி பெற்ற பிறகு, பிறந்த வீட்டார் வந்து அவளை மணையில் உட்கார வைத்துச் செய்வது. உடன்பிறந்தவன் முன்னால் நிற்க வேண்டும். அது ஆன பெண்கள்தான் சொந்தத்தில் நடக்கிற கல்யாணங்காட்சிகளில் சீர்ச்சாமானைத் தொடலாம், முறை செய்யலாம். ஆகாதவர்கள் பந்தலில் உட்கார்ந்து பார்க்கலாம், பந்தியில் சாப்பிடலாம், அவ்வளவுதான். இன்னொன்றும் இருக்கிறது. மூத்த மகள் பெரியவளாவதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும். எங்கள் வகையறாவில் அதில் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அக்காவுக்கு நான் ஒரே தம்பி. அப்பா இல்லை. அக்கா மகள் நெடுநெடுவென்று வளர்ந்துகொண்டிருந்தாள். போன தடவை ஊருக்குப் போனபோதே என் தோளுக்கு வந்துவிட்டாள். மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அவளைப் பார்த்து, "இவ மக்காச்சோளமாட்ட ஒசந்துட்டே போறா மாப்ள, நீ சீக்கிரம் வந்து சேரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு மச்சானின் பங்காளி வீட்டுக் கல்யாணம். கூட்டத்தில் யாரோ சீர்க்கூடையை நகர்த்தச் சொல்ல, அக்கா ஞாபகமில்லாமல் கை வைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா அவள் கையைப் பிடித்து, "அம்மணி, உனக்கு இன்னும் எழுதிங்கள் ஆகலீல்லங்கண்ணு? அங்கயே வெச்சுப்போட்டு இக்கட்ட வந்துரு சாமி" என்றாராம். எங்கள் ஊரில் ஒருவரைப் பந்தலைவிட்டு ஓரமாகத் தள்ளுவதென்றாலும் கண்ணு, சாமி போட்டுத்தான் தள்ளுவார்கள். அக்கா அன்றைக்கு விருந்து சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். இதை அவள் எனக்குச் சொல்லவே இல்லை. மச்சான்தான் சொன்னார்.

நாள் குறிப்பதில்தான் என் கெரகம் ஆரம்பித்தது.

முதலில் தை மாதம் என்று பேசினார்கள். எனக்கு முன்னால் லீவில் போன ஆள் அந்த மாதம் திரும்பி வந்தால் நான் கிளம்பலாம். அவன் திரும்பியே வரவில்லை. ஊரில் கோழிப்பண்ணை போட்டுவிட்டதாகக் கேள்வி. சரி, வைகாசி என்றார்கள். வைகாசி என்றால் அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் புகையும். ஃபிட்டரை அனுப்ப முடியாது என்றார் மேனேஜர். கம்பெனிக்குக் கொஞ்சம் ஓய்வு வந்தது எப்போது தெரியுமா? ஆடியில். ஆடியில் எவன் சீர் செய்வான்? கம்பெனிக்கு ஆகிற மாதமெல்லாம் எங்கள் ஊருக்கு ஆகாது. ஊருக்கு ஆகிற மாதமெல்லாம் கம்பெனிக்கு ஆகாது.

இதையெல்லாம் மேனேஜருக்கு விளக்க ஒரு நாள் போனேன். அவர் வேறு நாட்டுக்காரர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் போல்ட்டு, நட்டு, வயரோடு சரி. சூப்பர்வைசர் பாலக்காட்டுக்காரர், நல்ல மனிதர், தமிழ் பேசுவார். அவர்தான் நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இவன்ற அக்காவுக்கு ஒரு விசேஷம், அதுக்கு லீவு வேணுமாம்" என்றார் சூப்பர்வைசர்.

"கல்யாணமா?" என்றார் மேனேஜர்.

"இல்லைங்க, கல்யாணமெல்லாம் அப்பவே ஆயிருச்சுங்க" என்றேன் நான்.

"குழந்தை பிறந்திருக்கிறதா?"

"ரெண்டு பொறந்து பள்ளிக்கூடம் போகுதுங்க."

"யாராவது இறந்துவிட்டார்களா?"

"ஐயோ, நல்ல காரியமுங்க இது!"

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பி, "எடோ, கல்யாணம் இல்லா, குட்டி இல்லா, மரணம் இல்லா. பின்னே எந்தா? ஞான் இதை எப்படிச் சொல்றது?" என்றார். எழுதிங்கள் என்றேன். அந்த வார்த்தையை வாயில் போட்டு இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். கடைசியில் என்ன நினைத்தாரோ, "அக்காவுக்கு வீட்டில் பார்ட்டி" என்று இங்கிலீஷில் சொல்லி முடித்துவிட்டார். அது எனக்கே புரிந்தது. மேனேஜருக்கும் புரிந்தது. பார்ட்டிக்கெல்லாம் லீவு கிடையாது என்றார்.

வெளியே வந்து சூப்பர்வைசரிடம், "ஏனுங்க, பார்ட்டின்னு சொல்லிப்போட்டீங்களே" என்றேன். "வேற வாக்கு இல்லடோ" என்றார். அவர்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? எனக்கே வேறு வார்த்தை தெரியவில்லை.

அறையில் என் கட்டிலுக்கு எதிர்க்கட்டில் புதுக்கோட்டைக்காரர் ஒருத்தருடையது. என்னைவிட மூத்தவர், வெல்டர். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்க ஊருல யாரும் பொய்யே பேச மாட்டீங்களா? அம்மா சீரியஸுன்னு ஒரு தந்தி வந்தா முடிஞ்சு போச்சு. நாளைக்கே பாஸ்போர்ட்டக் குடுத்து ஏத்தி விட்டுருவான்."

"அதெப்படிங்க அப்படிச் சொல்றது?"

"எங்கப்பாரு மூணு தடவ செத்துருக்காரு. மூணு தடவையும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என் பொட்டியத் தூக்கிட்டுப் போனது அவருதான். 'இந்தத் தடவ எனக்கு என்ன சீக்குடா?'ன்னு கேப்பாரு. நெஞ்சுவலிப்பான்னா, 'அது போன தடவையே வந்துருச்சே'ம்பாரு."

அறையே சிரித்தது. ஆசையாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் போன் பூத்துக்குப் போய், வரிசையில் நின்று, ஊர் எஸ்.டி.டி. கடைக்கு அடித்தேன். வெள்ளிக்கிழமை அக்காவும் மச்சானும் மொபெட்டில் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். தந்தி விஷயத்தைச் சொன்னேன்.

அக்கா, "சீரு வெச்சிருக்கற ஊட்டுல இருந்து பெத்தவளுக்குச் சீக்குன்னு தந்தி அடிக்கறதா? வாயில வெச்சுச் சொல்லலாமா கண்ணு அத? அப்படி வந்துதான் எனக்குச் சீரு ஆகோணும்னா ஆகவே வேண்டாம்" என்றாள்.

மச்சான் போனைப் பிடுங்கினார். "மாப்ள, உங்கம்மா வேண்டாம். எங்க சித்தப்பாரு பேருல அடிக்கட்டுமா? அவரு எப்படியும் சாவ மாட்டேங்கறாரு."

"இதென்ன பேச்சு, நல்ல காரியத்தப் பேசற எடத்துல" என்று அக்கா பின்னால் சத்தம் போடுவது கேட்டது. சித்தப்பாவுக்கெல்லாம் லீவு கொடுக்க மாட்டான், அப்பா அம்மாவுக்கு மட்டும்தான் என்றேன். "அப்ப உன்ற கம்பெனிக்காரனுக்குச் சித்தப்பாரே இல்ல போல" என்றார் மச்சான். போன் கார்டு தீர்ந்துபோய், அந்தச் சிரிப்போடு கட்டாகிவிட்டது.

அப்புறம் நானே போய்ப் போய் நின்றதில், ஆவணியில் பார்க்கலாம் என்று மேனேஜர் சொன்னார். பார்க்கலாம் என்றதை நான் போகலாம் என்று எடுத்துக்கொண்டேன். வேறெப்படி எடுத்துக்கொள்வது? ஊரில் ஆவணி வளர்பிறையில் நாள் குறித்தார்கள். அருமைக்காரருக்கு, எங்கள் சீர்களையெல்லாம் நடத்திக் கொடுக்கிற பெரியவருக்கு, வெற்றிலை பாக்கு வைத்தாகிவிட்டது. நான் பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

அக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு சாமான். சேலை வேண்டாம், செண்ட்டு வேண்டாம், டேப்ரிக்கார்டர் வேண்டாம். மேலே அமுக்கினால் மூக்கு வழியாகக் காப்பி ஊற்றுகிற பெரிய பிளாஸ்க். "எங்கூட்டுல எது நடந்தாலும் நான் அடுப்புக்கு முன்னாலதான் நிக்கறேன் கண்ணு. வாரவங்களுக்குக் காப்பி ஊத்தி ஊத்தியே பொழுது போயிருது. அன்னிக்கு ஒரு நாளாச்சும் நான் மணையில ஒக்காந்திருக்கோணும். வெள்ளெனக் காப்பி போட்டு அதுல ஊத்தி வெச்சுப்போட்டா, வாரவங்க அவங்களே புடிச்சுக் குடிச்சுக்குவாங்கல்ல?" என்றாள்.

கடைவீதியில் தேடி, இருந்ததிலேயே பெரியதாக ஒன்று வாங்கினேன். வெளியில் ரோஜாப்பூப் படம் போட்டது. உள்ளே கண்ணாடி. ஒரு தட்டுத் தட்டினால் போச்சு.

பெட்டி கட்டுவது ஒரு தனி வித்தை. நல்ல கெட்டியான அட்டைப்பெட்டி தேட வேண்டும். பால்பவுடர் வந்த பெட்டி ஆகாது, அடி விட்டுவிடும். டி.வி. வந்த பெட்டிதான் தாங்கும். அதைப் போர்வையால் சுற்றி, நைலான் கயிற்றில் கட்டுப்போட்டு, நாலு பக்கமும் பெயர் எழுத வேண்டும். எனக்கு டி.வி. பெட்டியே கிடைத்தது. அதைக் கட்டிலுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்த நேரம்தான் தப்பான நேரம்.

ஒருத்தர் ஊருக்குப் போகிறார் என்றால் மற்றவர்கள் அவரிடம் சாமான் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். அதில் தப்பில்லை, நானும் கொடுத்துவிட்டவன்தான். ஆனால் அதற்கு முடியாது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. "எடம் இருக்குமான்னு தெரீலீங்களே" என்போம். அதிலேயே புரிந்துகொண்டு எங்கள் ஊர்க்காரன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். மற்ற ஊர்க்காரர்கள், "இருக்கும் இருக்கும், அமுக்குனா எறங்கும்" என்று அவர்களே அமுக்கி வைத்துவிட்டுப் போவார்கள்.

கும்பகோணத்துக்காரர் ஒரு இஸ்திரிப்பெட்டி கொண்டுவந்தார். "கும்பகோணத்துக்கு நான் போகலீங்களே" என்றேன். "எங்க மாமா கோயமுத்தூர் ஜங்ஷன்ல வந்து வாங்கிக்குவாரு. நீங்க பிளாட்பாரத்துல நின்னாப் போதும்" என்றார். இன்னொருவர் புலிப்படம் போட்ட கம்பளி. அது ஒன்றே பாதிப் பெட்டி. புதுக்கோட்டைக்காரர் பிஸ்தா, பாதாம், பால்பவுடர், அப்பாவுக்குச் செருப்பு. "செத்துப் பொழைச்ச மனுசன், நல்ல செருப்பாப் போடட்டும்" என்றார்.

பட்டறைத் தராசில் பெட்டியைத் தொங்கவிட்டுப் பார்த்தால் முள் சுற்றிப் போய்விட்டது. அத்தனையும் அடுத்தவர்கள் சாமான். என்னுடையது பிளாஸ்க் ஒன்றுதான், அதற்குத்தான் இடமில்லை. பெட்டிக்குள் பக்கவாட்டில் செருகிப் பார்த்தேன், இஸ்திரிப்பெட்டி இடித்தது. கம்பளிக்குள் சுருட்டிப் பார்த்தேன், மூடி சாத்தவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த புதுக்கோட்டைக்காரர், "அந்தப் பிளாஸ்க்க வெளிய வைங்க தம்பி. நம்ம ஊருலயே கெடைக்கும், கோயமுத்தூர்ல வாங்கிக்கலாம்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "செருப்புக்கூட நம்மூர்ல கெடைக்குமுங்க" என்று கத்திவிட்டேன்.

அவர் செருப்பை எடுத்துத் தன் கட்டிலுக்கடியில் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகிவிட்டது. நானே போய் அதை எடுத்துவந்து திரும்பவும் பெட்டியில் வைத்தேன். பிளாஸ்க்கைக் கையிலேயே கொண்டு போவதென்று முடிவு செய்து, பெட்டிக்குக் கயிறு போட்டுக் கட்டினேன். கட்டுகிற ஒவ்வொரு முடிச்சிலும் யார்மேலோ இருந்த கோபமெல்லாம் இறுகியது.

அடுத்த நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். பெரிய தோட்டம் ஒன்றில் எல்லாக் கிணற்றுக்கும் புது மோட்டார் மாட்டுகிற வேலை வந்திருக்கிறது, இந்த மாதம் போக முடியாது, அடுத்த மாதம் தாராளமாகப் போகலாம் என்றார். சூப்பர்வைசர் அதைச் சொல்லிவிட்டு, கோபமில்லையே என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

"அடுத்த மாசம் புரட்டாசிங்க. புரட்டாசியில செய்ய மாட்டாங்க. அப்பறம் ஐப்பசிக்குத்தானுங்க போகோணும்."

சூப்பர்வைசர் அதை எடுத்துச் சொன்னார். மேனேஜர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போன தடவையும் ஒரு மாதம் ஆகாது என்றான். இவர்கள் ஊரில் வருஷத்துக்கு எத்தனை மாதம்தான் ஆகும்?" என்று கேட்டார். பாஸ்போர்ட் அவருக்குப் பின்னாலிருந்த இரும்பு அலமாரியில் இருந்தது. எட்டிப் பிடிக்கிற தூரம்தான்.

வெள்ளிக்கிழமை போன் பூத் வரிசையில் நின்றபோது, அக்காவிடம் இதை எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"சாப்பிட்டயா கண்ணு? அங்க வெயிலு எப்படி இருக்குது? இங்க ஒரு மழை பேஞ்சுது" என்றாள். அக்கா மழையைப் பற்றிப் பேசினால் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"என்னக்கா, சொல்லுங்க."

"நம்ம பாப்பா பெரியவளாயிட்டா. முந்தாநாள் பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா. வயிறு வலிக்குதுன்னு படுத்தா."

பூத்துக்கு வெளியே அடுத்து நின்றவர் கண்ணாடியில் தட்டினார். "அருமைக்காரரைக் கேட்டீங்களாக்கா? வேற ஏதாச்சும் வழி..."

"உங்க மச்சான் போயிக் கேட்டுட்டு வந்துட்டாரு. 'முந்தியே செஞ்சிருக்கோணுமுங்க, இனிமேல் ஆகாதுங்க'ன்னு சொல்லிப்போட்டாராம்." மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார், அவரும்.

"அக்கா, ஆவணிக்கு எப்படியாச்சும் வந்தர்லாம்னுதான்..."

"தெரியும் கண்ணு. போனாப் போகுது உடு. எனக்குத்தான் கொடுத்து வெக்கலை, அவளுக்காச்சும் நேரத்துக்கு வந்து நில்லு. தாய்மாமன் இல்லாம தெரட்டிச் சீரு செய்ய முடியாது." பெண் பெரியவளானதற்குச் செய்யும் சடங்கை நாங்கள் தெரட்டி என்போம். அக்கா உடனே பேச்சை மாற்றினாள். "அந்தப் பிளாஸ்க்கு வாங்கீட்டயா?" என்று கேட்டாள்.

வாங்கிவிட்டேன் என்றேன்.

மறுநாள் காலையில் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். லீவு கேட்கக்கூடப் போகவில்லை. எல்லாம் முடிந்துபோனதை யாரிடமாவது சொல்லிச் சண்டை போட வேண்டும் போலிருந்தது. "என்ற அக்கா பொண்ணு தெரண்டுட்டாளுங்க. இனி எந்த மாசம் உட்டாலும் ஒண்ணுதானுங்க" என்றேன்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "தெரண்டுகல்யாணமோ! நீ அம்மாவன் அல்லே, தாய்மாமன்? இது நமக்கும் பண்டு உண்டாயிருந்ததுதான். இதை நீ முதல்லயே சொல்லக்கூடாதாடோ?" என்று சொல்லிக்கொண்டே மேனேஜர் அறைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். அக்கா மகள், மாமன், அவன் இல்லாமல் நடக்காது என்று அவர் சொல்வதும், மேனேஜர் ஓ, ஓ என்பதும் கேட்டது. அவர் நாட்டிலும் மாமன் பெரிய ஆள்தான் போலிருக்கிறது. இரும்பு அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

சூப்பர்வைசர் பாஸ்போர்ட்டோடு வந்தார். "தோட்டத்து வேலைக்கு வேற ஆளைப் போடலாம்னு சொல்லிட்டாரு. டிக்கெட்டுக்கு இன்னைக்கே சொல்லிடலாம்" என்று என் முதுகில் தட்டினார். வாழ்த்துச் சொன்னார். வேறு ஆள் இருந்திருக்கிறான்! அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கி அவர் மேஜை மேலேயே வீசிவிட்டு வரலாமா என்றிருந்தது. "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். எங்கள் வளர்ப்பு அப்படி.

அறைக்கு வந்தால் விஷயம் எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. கும்பகோணத்துக்காரர் இன்னொரு பொட்டலத்தோடு நின்றார். புதுக்கோட்டைக்காரர் அவரைப் போகச் சொல்லிவிட்டு, என் பெட்டிக் கயிற்றை அவிழ்த்து, அப்பாவின் செருப்பையும் பால்பவுடரையும் வெளியே எடுத்தார். "பிளாஸ்க்க உள்ள வைங்க தம்பி. இப்ப எடமிருக்கு. அக்கா விசேஷத்துக்குத்தானே போறீங்க" என்றார்.

ஆமாங்க என்றேன். எந்த விசேஷம் என்று விளக்க எனக்குத் தெம்பில்லை.

பிளாஸ்க்கைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. பஸ்ஸிலும் விமானத்திலும் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் ஒன்றுதான் மனசில் ஓடியது. பந்தல் போடுவார்கள். பாப்பாவை மணையில் உட்கார வைப்பார்கள். நான் மாமன் முறைக்கு முன்னால் நிற்பேன். எழுதிங்கள் ஆன பெண்களெல்லாம் சுற்றி நின்று சீர் செய்வார்கள். பெற்ற மகளுக்கு நடக்கிற சீரிலும் அக்கா அந்தப் பக்கம் கை நீட்ட முடியாது. ஓரமாக இருந்து, வருகிறவர்களுக்கு ரோஜாப்பூப் போட்ட பிளாஸ்க்கை அமுக்கி அமுக்கிக் காப்பி ஊற்றிக் கொடுப்பாள். அதை யாரும் தடுக்க மாட்டார்கள். காப்பி ஊற்றுவதற்கு எழுதிங்கள் ஆகியிருக்க வேண்டியதில்லை.